கீர்த்திமான் என்ற சொல்லின் பொருளும் வழக்கும்

அகராதியின் நான்காம் பதிப்பு தயாரான ஆண்டில் 'கீர்த்திமான்' என்ற சொல் விழுந்து செத்த முதல் ஆள் ஒரு பல் மருத்துவர். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, நகர மன்றக் கூடத்து மேடையில் கையில் பூங்கொத்தோடு நின்றவரை அந்தச் சொல்லால் அழைத்தார்கள். முதலில் தாடை உடைந்தது, பிறகு மண்டை. இருபத்தாறு வருடங்களாகச் சொத்தைப் பல்லோடு நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்கிவந்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பூங்கொத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அடுத்துப் பேச வந்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஊரில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு எடை உண்டு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெரிய மனிதர், பிரமுகர், புகழ் பெற்றவர், நாலு பேர் மதிக்கிற ஆள் என்றெல்லாம் யாரை வேண்டுமானாலும் நாள் முழுக்கச் சொல்லலாம், ஒரு கீறல் விழாது. கீர்த்தி என்று வெறுமனே சொன்னாலும் பாதகமில்லை. ஆனால் ஒருவரைக் குறித்து வாய்விட்டுக் கீர்த்திமான் என்று சொன்னால் அவர் அதற்கு உரியவராக இருந்தாக வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கனத்தோடு சொல் அவர் மேல் இறங்கும். கொஞ்சம் குறைந்தால் தோல் கன்றிப்போகும், நிறையக் குறைந்தால் எலும்பு போகும். ஆள் எதிரில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஓய்வுபெற்ற பாடகர் ஒருவரை வானொலியில் அப்படிச் சொல்லிவிட்டார்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளித் தன் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனிதர், வாளியும் கையுமாக இடுப்பு வரை மண்ணில் பதிந்துபோனார். மனதுக்குள் படித்தால் மட்டும் ஒன்றும் ஆகாது.

இவ்வளவு ஆபத்தான சொல்லை அகராதிக்காரர்கள் ஏன் கிளறினார்கள் என்று கேட்கலாம். அவர்களுடைய வேலைமுறை அப்படி. தண்ணீர் வாரியக் கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகளில் நடந்துவந்த அந்த அலுவலகத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளோடு ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் சேர்ப்பார்கள். அந்த வாக்கியம் அந்த ஊரில் உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது முதல் பதிப்பிலிருந்து வந்த விதி. 'கிளி' என்ற சொல்லுக்குக்கூட, 'பேக்கரிக்காரர் வளர்க்கும் கிளிக்குக் கெட்ட வார்த்தை நன்றாக வரும்' என்றுதான் எழுதியிருந்தார்கள். பேக்கரிக்காரரே வந்து அதைப் படித்துப் பார்த்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டு போனார். கீர்த்திமானுக்கு மூன்றாம் பதிப்பு வரை ஒரு மருத்துவச்சி இருந்தார். அவரைக் குறித்து அந்தச் சொல்லைச் சொன்னபோது அவர் திரும்பிப் பார்த்து, "யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டதோடு சரி, ஒரு முடிகூட அசையவில்லை. அவர் போன வருடம் நிம்மதியாகத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அகராதிக்கு வேறு ஆள் தேவைப்பட்டது, தகுந்தவர் என்று தோன்றியவர்களை ஒவ்வொருவராக அந்தச் சொல்லால் அழைத்துப் பார்த்தார்கள்.

பல் மருத்துவருக்குப் பிறகு ஒரு நீதிபதி இரண்டு தொடை எலும்புகளையும் இழந்தார். கால்பந்து வீரர் ஒருவருக்கு முதுகெலும்பு விட்டுப்போனது. அநாதை இல்லம் நடத்திய அம்மையாரைத் தரையிலிருந்து கரண்டியால் சுரண்டி எடுக்கும்படி ஆயிற்று. அதன் பிறகு அந்த இல்லத்தைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இதற்குள் ஜனங்களுக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. யாரையாவது அடிக்க வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டியதில்லை, புகழ்ந்தால் போதும். வீட்டைப் பங்கு பிரிப்பதில் மோதிக்கொண்ட அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் மாறி மாறிக் கீர்த்திமான் என்று கத்தி, நடு முற்றத்தில் இருவருமே கிடந்தார்கள். கறிக்கடைத் தெருவில் ஒரே வாரத்தில் பதினோரு பல் விழுந்தது. மாமியார்களும் மருமகள்களும் சமையலறைக்குள் போகும்போது வாயைத் துணியால் கட்டிக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதென்று நகராட்சி ஆணை போட்டது. அதைப் படித்துக் காட்டிய அதிகாரி அந்த இடம் வந்ததும் இருமிச் சமாளித்தார்.

அந்தச் சொல்லைத் தேடி ஒருவர் தாமாகவே வந்தார். ஊருக்கு வடக்கே இருந்த மலையை உடைத்து ஜல்லியாக்கி, அதில் ஊருக்குச் சாலையும் போட்டுக் கொடுத்த குவாரிக்காரர் அவர். அவரிடம் கூலி உயர்த்திக் கேட்ட தொழிலாளி ஒருவர் கல் அரைக்கும் இயந்திரத்தில் தவறி விழுந்தார் என்று போலீசில் எழுதியிருந்தது. தவறி விழுகிறவரின் கைகளைப் பின்னால் யார் கட்டினார்கள் என்று எழுதவில்லை. அந்தத் தொழிலாளியின் மனைவி ஒரு மத்தியானம் குவாரி வாசலில் போய் நின்று, வெளியே வந்த குவாரிக்காரரைப் பார்த்து, தொண்டை கிழிய அந்தச் சொல்லைச் சொன்னாள். அவர் அப்போது தன் டிரைவரின் தோளில் கை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவரின் கழுத்து ஒடிந்து தலை மார்பில் தொங்கியது. குவாரிக்காரரின் சட்டை கசங்கவில்லை. அடியாட்கள் அந்தப் பெண்ணின் தாடையை இரும்புக் குழாயால் உடைத்து, இனிமேல் அவள் எந்தச் சொல்லும் சொல்ல முடியாதபடி செய்தார்கள். குவாரிக்காரர் மட்டும் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

அவருக்குப் புரிந்துபோனது. தன் மேல் இறங்குகிற சொல், தான் தொட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்குள் போய்விடும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் வேலையாட்களுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. அவர் கை நீட்டினால் எட்டாத தூரத்தில்தான் நின்று பேசினார்கள். கட்டின மனைவியால் அப்படி நிற்க முடியாது. அடுத்த மாதம் சாலைத் திறப்பு விழாவில் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறினார், தானே ஏற்பாடு செய்திருந்த ஆளை விட்டுத் தன்னைக் கீர்த்திமான் என்று அழைக்கச் சொன்னார், சிரித்தபடி நின்றார். மனைவியின் மணிக்கட்டு அவர் பிடிக்குள்ளேயே நொறுங்கியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைக் கீழே இருந்தவர்கள் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டார்கள். சொல் விழுந்தும் ஆள் நிற்கிறாரே, அப்படியானால் நாம்தான் அவரைத் தப்பாக நினைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். செத்த தொழிலாளியின் கைகள் பின்னால் கட்டியிருந்ததைப் பார்த்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள். எனக்கு அந்த ஊர்மேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை.

இந்த மனைவியின் சொந்தத் தங்கைதான் அகராதி அலுவலகத்தில் பிழை திருத்துகிறவள். பெற்றோர் போன பிறகு அக்காதான் அவளைப் படிக்கவைத்தாள், அவளுக்காகத்தான் கேள்வி கேட்காமல் குவாரிக்காரருக்குக் கழுத்தை நீட்டினாள். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்த அக்கா, மாடிப்படியில் வழுக்கிவிட்டது என்றாள், தங்கை நம்பினாள். கொஞ்ச நாளில் குவாரிக்காரர் நான்காம் பதிப்புக்கு வேண்டிய காகிதம் முழுவதையும் லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தார். கூடவே ஒரு அட்டையில் வாக்கியமும் வந்தது: 'மலையை உடைத்து இந்த ஊருக்குச் சாலை தந்தவர் ஒரு கீர்த்திமான்.' இருபத்திரண்டு வருடமாக அந்த அகராதியைத் தவிர வேறு எதையும் பெறாத பதிப்பாசிரியர், அட்டையை இரண்டு முறை மனதுக்குள் படித்துவிட்டு இழுப்பறையில் அதன் இடத்தில் செருகினார்.

அங்கே பிழை திருத்தம் வாயால்தான் நடக்கும். ஒருவர் தாளின் முதல் சொல்லிலிருந்து உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் மூலத்தை வைத்துக்கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் மூன்று முறை. முதல் முறை தங்கை படித்தாள். கிளி, கிளை, கிறுக்கல், கீச்சுக்குரல் என்று போய்க் கீர்த்திமான் வாக்கியத்தையும் படித்து முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். அரை மணி நேரத்தில் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. அத்தானின் காலில் நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு, உட்கார்ந்த இடத்திலேயே தோள்பட்டை எலும்பு இரண்டாக ஒடிந்திருந்தது. எத்தனை மணிக்கு என்று தங்கை கேட்டாள். பத்து நாற்பது என்றார்கள். தான் தண்ணீர் குடித்த நேரம் அவளுக்கு நினைவிருந்தது. அவள் தொலைபேசியைக் கீழே வைக்காமல், அப்படியே சுவரில் சாய்ந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை மறுநாள் பதிப்பாசிரியரின் மேசை முன் போய் நின்றாள்.

"அந்த வாக்கியத்தை எடுத்துடுங்க சார். எங்க அக்கா செத்துப்போயிடுவா."

பதிப்பாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "ஒரு வார்த்தைக்காக மொத்தப் புத்தகத்தையும் நிறுத்த முடியுமாம்மா? காகிதமே அவரோடது" என்றார். அவள் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாம் முறை படிப்பது வியாழக்கிழமை பத்து மணிக்கு என்று குவாரிக்காரருக்கு ஏற்கெனவே ஆள் போய்விட்டது. தங்கை படிக்க மறுத்ததால் அவரே படித்தார். அந்த நேரத்தில் குவாரிக்காரர் தன் இடுப்பு பெல்ட்டால் மனைவியின் கையைத் தன் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று விலா எலும்புகள் போயின, ஒன்று நுரையீரலைக் குத்தியது. மருத்துவரிடம் அவர், இவள் இன்னும் எத்தனை தடவை தாங்குவாள் என்று டயர் தேய்மானத்தைக் கேட்பது போலக் கேட்டார். இன்னொன்றே கஷ்டம் என்றார் மருத்துவர். மூன்றாம் முறை படிப்பது திங்கட்கிழமை. அதற்குப் பிறகு வெளியீட்டு விழாவில் ஐந்நூறு பேர் எழுந்து நின்று அந்த வாக்கியத்தை ஒரே குரலில் படிப்பதாக இருந்தது. குவாரிக்காரர் அதற்குள் தன் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டுக் குடும்பத்தைப் பற்றியெல்லாம் அன்பாக விசாரித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் தங்கை அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள். பாதிக் கஞ்சியில் அக்கா கரண்டியைக் கையால் தள்ளினாள்.

"காலையில ஆறே காலுக்குக் குளிக்கப் போவான். பத்து நிமிஷம். அப்ப மட்டும்தான் என்னை விடுவான்."

அக்கா அவனை அவன் என்று சொன்னது அதுவே முதல் தடவை. பதினாலு வருடம் 'அவர்' என்றுதான் சொல்லிவந்தாள்.

"நான் படிக்கும்போது உன்மேல விழுந்துடுச்சுன்னா?"

"திங்கக்கிழமை பத்து மணிக்கு எப்படியும் விழத்தான் போகுது. நீ படி. உன் வாயால படி." பிறகு கஞ்சியில் உப்பே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டு மிச்சத்தையும் குடித்தாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு, இன்னும் கூட்டாத படிகளில் ஏறித் தங்கை அலுவலகத்தைத் திறக்கப் போனால், கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. பதிப்பாசிரியர் தாளும் மூலமுமாக மேசையில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி வீட்டுக்குப் போனதற்கான அறிகுறி அவர் சட்டையில் இல்லை. அவர் குவாரிக்காரருக்குச் சொல்லியனுப்பத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்து அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, "உக்காரும்மா. நீ படி, நான் பாக்கறேன்" என்றார். எங்கிருந்து என்று அவள் கேட்டதற்கு, தாளின் தலையிலிருந்து என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு தாளையும் நடுவிலிருந்து படித்ததில்லை, கொலை செய்யும்போதும் முறை முறைதான் போலிருக்கிறது. அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, பேக்கரிக்காரரின் கிளியையும் கிளையையும் கிறுக்கலையும் விழுங்கி விழுங்கிப் படித்தாள். ஆறு பதினெட்டுக்குக் கீர்த்திமானுக்கு வந்தாள். மலையை உடைத்து இந்த ஊருக்குச் சாலை தந்தவர் ஒரு கீர்த்திமான் என்று, குரல் உடையாமல் படித்தாள்.

அந்தப் பக்கம் நடந்தது அக்கா பின்னால் சொன்னது. குளியலறைக்குள் ஈரச் சுவரில் ஒரு மூட்டையைத் தூக்கி எறிந்த சத்தம் கேட்டது. பிறகு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. சோப்பு நுரையோடு அவர் கை வெளியே வந்து காற்றில் துழாவியது. "கையைக் குடு" என்றார். அவள் கட்டுப் போட்ட தோளோடு நடைவழியில் நின்றிருந்தாள், கைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. "கையைக் குடுடி, பொறவு பாத்துக்கலாம்." பதினாலு வருடப் பழக்கத்தில் அவளுடைய நல்ல கை தானாகவே எழுந்ததாம். அவள் அந்தக் கையைத் தன் முந்தானையில் சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்கிக்கொண்டு, ஒரு அடி பின்னால் போனாள்.

அலுவலகத்தில் பதிப்பாசிரியர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், "எழுத்து மங்கலா இருக்கு. இன்னொரு தரம் படி" என்றார். அவள் படித்தாள். நிழல் விழுகிறது என்றார், படித்தாள். தும்மல் வந்துவிட்டது, சரியாகக் காதில் விழவில்லை என்றார். அவர் தும்மவே இல்லை. அப்படி ஒன்பது தரம் படித்தார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் குளியலறையில் ஒரு சத்தம் கேட்டது, ஐந்தாவதுக்குப் பிறகு கூப்பிடும் குரல் இல்லை, ஏழாவதுக்குக் கதவிலிருந்த கை உள்ளே போயிற்று. வேலையாட்கள் வந்து கதவை நெம்பித் திறந்தபோது அவர் தரையோடு தரையாக, ஒரு செங்கல் உயரத்துக்கு இருந்தார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை அக்காதான் நிறுத்தினாள்.

போலீஸ் வந்தது. வாக்கியத்தைப் படித்தது குற்றமா என்று யோசித்தார்கள். அப்படியானால் வாக்கியத்தை எழுதிக்கொடுத்தவர் முதல் குற்றவாளி, அவர்தான் செத்துப்போய்விட்டார். தவறி விழுந்தார் என்று எழுதி முடித்தார்கள், அந்த ஊர் போலீசுக்கு அது கைப்பழக்கம். சாலைத் திறப்பில் கை தட்டியவர்களெல்லாம், எங்களுக்கு அப்போதே சந்தேகம்தான் என்றார்கள். தாடை உடைந்த அந்தத் தொழிலாளியின் மனைவியை அக்கா தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை, ஆனாலும் குவாரி வாசல் சாவி அவளிடம்தான் இருந்தது.

அகராதி அச்சுக்குப் போகும் முன், ஆள் உயிரோடு இல்லாததால் வாக்கியத்தை எடுத்துவிடப் பதிப்பாசிரியர் பேனாவைத் திறந்தார். அக்கா கட்டுப் போட்ட கையோடு மாடியேறி வந்து, மூச்சு வாங்க, அது அப்படியே இருக்கட்டும் என்றாள். உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும், அது விதி என்றார் அவர். "அந்த விதியாலதான் சார் இத்தனை பேர் செத்தாங்க" என்றாள் அக்கா. அவர் பேனாவை மூடினார். வெளியீட்டு விழாவில் ஐந்நூறு பேர் எழுந்து நின்று வாக்கியத்தை ஒரே குரலில் படித்தார்கள், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கூட்டம் கலையும் நேரத்தில் இடுகாட்டுக் காவலாளி ஓடிவந்து, குவாரிக்காரரின் குழிமேடு ஆள் உயரத்துக்குப் பள்ளமாகிவிட்டது என்றார். போய்ப் பார்த்தார்கள், ஆகித்தான் இருந்தது.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் அந்த அகராதி இருக்கிறது, பிள்ளைகள் சொல்லும் பொருளும் வாக்கியமுமாக உரக்கப் படித்துத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் குழி ஒரு விரல்கடை இறங்குகிறது. மாதத்துக்கு ஒரு லோடு ஜல்லி போட்டு நிரப்பவேண்டியிருக்கிறது, ஜல்லியை அக்கா தன் குவாரியிலிருந்தே அனுப்புகிறாள். லாரியோடு அக்காவும் தங்கையும் வருவார்கள். அக்காவின் வலது கை தோளுக்கு மேல் எழாது, இடது கையால்தான் டிரைவருக்குப் பின்னால் வா, இன்னும் வா என்று காட்டுவாள். போன மாதம் காவலாளி, பக்கத்துக் குழிகள் சரிந்துவிடுமோ என்று கவலைப்பட்டு, "இன்னும் எவ்வளவு ஆழம்மா போகும்?" என்று கேட்டார். "பிள்ளைங்க படிக்கிற வரைக்கும் போகட்டும்ணா" என்றாள் அக்கா. ஜல்லி கொட்டி முடித்து, புழுதி அடங்கும் வரை நின்று பார்த்தார்கள். வருகிற மாதம் முழு ஆண்டுத் தேர்வு என்பதால் இரண்டு லோடாக அனுப்பச் சொல்லி டிரைவரிடம் சொல்லிவிட்டு, பசிக்கிறது என்று இருவரும் சாப்பிடப் போனார்கள்.